பதினொரு நிமிஷம்

மழைமானி நிமிஷத்துக்கு ஓர் எண் அனுப்புகிறது.
ஏழாம் லயத்துக்கு மேலே, கவ்வாத்து மலையில்,
விரிசலின் இரு கரைக்கும் கட்டிய கம்பி
நிமிஷத்துக்கு இன்னோர் எண்.
நாளொன்றுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றெண்பது.
இவற்றை எங்கே வைப்பது என்று
நான்தான் சொல்ல வேண்டுமாம்.
சம்பளம் அதே சம்பளம்.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் ஸ்டோர்.
உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் பழைய கொம்பியூட்டர்,
எலி கடித்த வயரில் கறுப்பு டேப்.
எதுவானாலும் இதற்குள் அடங்க வேண்டும்.

முதலாவது, வட்டக் கோப்பு.
என்றைக்கும் ஒரே பருமன், வீங்காது.
நிறைந்ததும் தன் வாலைத் தின்று
புதியதற்கு இடம் விடும்.
போன வருஷத்து மழையை அட்டையிலிருந்து ஊற்றி
மே மாதத்தைத் திருப்பிக் கேட்டேன்.
நாளுக்கு ஒரு சராசரி நீட்டியது.
மீன் எங்கே என்றால்
முள்ளைக் கழுவி வைத்த மாதிரி.

இரண்டாவது, கடல் தாண்டி
எங்கேயோ குளிரூட்டிய அறையில் இருக்கிறது.
அழகு. மாசாமாசம் டொலர்.
அந்தச் சொல் காதில் விழுந்ததும்
கிளார்க் ஸ்டீபன்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அத்தோடு அது முடிந்தது.

மூன்றாவது எல்லாம் தெரிந்த பெரிய களஞ்சியம்.
ஏற்றிய பத்தாம் நிமிஷம்
கொம்பியூட்டர் கொழுந்து ரோலர்போல் அரைத்தது,
பிறகு திரை கறுத்தது.

நாலாவது சின்னது.
நேரம், எண், இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
நிமிஷத்தை நிமிஷமாகவே மடித்து வைக்கிறது.
ஒரு டிஸ்க்கில் பத்து வருஷம் என்கிறார்கள்,
ஐந்தென்று வைத்துக்கொள்கிறேன்.

வைப்பது பாதி வேலை. கோடு கிழிப்பது மறுபாதி.
அதற்கான கருவிகளை மே பதினேழில் சோதித்தேன்.
மணிக்கு ஒரு சராசரி போட்டால் அந்த இரவு
போர்வைக்குள் யாரோ முழங்கால் மடக்கிய மேடு.
ஐந்து நிமிஷத்துக்குப் போட்டால் ஒரு குன்று.
நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டால்
கத்தி.

இது எங்களுக்குத் தெரியாத கணக்கா?
பதினேழு கிலோ எடுத்தவளும்
பத்துக் கிலோ எடுத்தவளும்
செக்ரோலில் ஒரே அரைப்பேர்.

கத்தி நின்ற மூன்றாம் நிமிஷம், 2.41க்கு,
கரண்ட் போனது.
வந்தது 2.52க்கு.
அதற்குள் ஏழாம் லயத்தின் பின்சுவர் திறந்து
சேறு அடுப்படிவரை வந்துவிட்டது.
ஆள் சேதம் இல்லை,
அதனால் செய்தியும் இல்லை.

ஒரு கருவி அந்த இடைவெளியின் இரு முனையையும் பிடித்து
நேர்கோடு இழுத்து ஒட்டியது.
பார்த்தால் மழை மெல்ல மெல்லத் தணிகிறது.
இன்னொன்று பூஜ்ஜியம் போட்டது:
பதினொரு நிமிஷம் வானம் வெளுத்திருந்ததாம்.

உரம் எடுக்க வந்த பவளராணி
சாக்கை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.
அன்றிரவு இரண்டு பிள்ளைகளோடு
பிரட்டுக்களத்துக்கு ஓடியவள்.
“இதென்ன, இங்க மழை விட்டிருச்சா?”
இல்லை, மெசின் பார்க்கவில்லை என்றேன்.
“அப்ப பாக்கலன்னு போடுங்க.”
சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிரட்டுக்கு வந்து மழையில் திருப்பி அனுப்பிய நாளும்
பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாளும்
அவள் பெயருக்கு நேரே ஒரே மாதிரிக் கோடுதான்.
ஸ்டீபன்ராஜைக் கேட்டேன்.
“கட்டம் அவ்வளவுதான் இருக்கு” என்றார்.

கடைசியில் நாலாவதையே எடுத்தேன்.
கோடு கிழிக்க, தெரியாத இடத்தைத்
தெரியாமலே விடுகிற ஒன்று.
நிறம் மட்டம், எழுத்து பொடி,
தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது,
அதனோடு இன்னும் சண்டை பிடிக்கிறேன்.
காரணம் எழுத அறிக்கையில் விட்ட பெட்டி சின்னது.
“இலவசம்” என்று எழுதினேன்.
உடனே கையெழுத்து விழுந்தது.
பாட்டரிக்கு வைத்த விண்ணப்பம்தான்
நாலு மாதமாக மேசை மாறிக்கொண்டிருக்கிறது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்குகிறது.
மலையிலிருந்து வரும் சிக்னல் வழி தவறுகிறது.
திரையில் கோடு நிற்கிறது.
கதவைத் திறந்து கையை வெளியே நீட்டி
தூறல்தான் என்று தாளில் குறித்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்,
அது எங்கே திரும்பத் தொடங்கும் என்று.